அரசியலமைப்பு வரைவுக்கு ஒரு கருத்துரை

சிரம்பான் பக்கத்து மம்பாவ் வட்டாரத்தில் சென்ற ஆண்டு பாரம்பரியம் பரவியது. முதலில் பிரேமநாதன் வீட்டில்தான் கண்டது. தாத்தாவின் டிரங்குப் பெட்டியை வரவேற்பறையில் வைத்து, மேலே விளக்குப் போட்டு, படமெடுத்து ஃபேஸ்புக்கில் ஏற்றினார். நானூறு லைக். பதினைந்தே நாளில் அந்தத் தெருவில் உடைந்த அம்மிக்குக்கூடப் பக்கத்தில் விளக்க அட்டை முளைத்துவிட்டது.

அதே தெருவில் குடியிருந்த, நில அலுவலகத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற சிவசுப்பிரமணியம் இதை எத்தனை நாள்தான் பொறுப்பார்? "அவையளிட்ட பெட்டி இருந்தது. எங்களிட்ட கோப்பு இருந்தது" என்று மனைவி திலகத்திடம் சொல்லிவிட்டு, அப்பாவின் அலமாரியைக் கவிழ்த்தார். அப்பா லிங்கிப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர்.

'பலதரப்பட்டவை' என்று எழுதியிருந்த கோப்பில் அது கிடந்தது. நாடு சுதந்திரம் பெறுவதற்கு முன், கருத்துக் கேட்டு அச்சடித்து அனுப்பிய அரசியலமைப்பு வரைவு. அதைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு அனுப்பியிருந்தார்கள். துரை கிராணியிடம் தள்ளினார். கிராணி கோப்பில் போட்டார். நிர்வாகம் அத்துடன் இனிதே நிறைவுற்றது.

கோலாலம்பூரில் வரலாறு போதிக்கும் மகள் மயூரி, செய்தி கேட்டதும் போனிலேயே கத்தினாள்.

"அப்பா, கடைசி அச்சு வந்ததும் வரைவையெல்லாம் கிழிச்சுப் போட்டிட்டாங்க. மிஞ்சினதை விரல்விட்டு எண்ணலாம். அதிலயும் பேனா படாத பிரதி இதுவரைக்கும் கிடைக்கவே இல்ல. தயவுசெய்து அதில ஒண்ணும் எழுதிடாதீங்க!"

"நான் என்ன சின்னப்பிள்ளையோ? அரசாங்கத்துக்கு நன்கொடையாக் குடுக்கப் போறன்" என்றார் சிவசுப்பிரமணியம்.

வாரம் இருமுறை லுக்குட்டிலிருந்து சமையலுக்கு உதவ வரும் செல்லம், கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். அதே லிங்கித் தோட்டத்தில் பிறந்தவர். எழுபதை நெருங்கியும் கையில் இன்னும் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாளக் கார்டுதான். பிறந்த மண்ணில் நிரந்தர விருந்தாளி.

"இதுல நாங்கல்லாம் இருக்கமாங்கய்யா?"

"குடியுரிமை எண்டு ஒரு பகுதியே இருக்கு."

"அப்ப நானு?"

"நீங்கள் இஞ்ச பிறந்ததுக்குப் பத்திரம் வேணுமே."

"அத உங்கப்பா கிராணிதான பதிஞ்சு அனுப்பணும்? எங்கப்பா மூணு தடவ போய் நின்னாராம். அடுத்த வாரம் வான்னாராம்."

சிவசுப்பிரமணியம் இருமினார். பதில் கைவசம் இல்லாத சமயங்களில் அலுவலகங்களில் இருமுவது வழக்கம்.

"இதக் குடுக்கப் போறப்ப என் சங்கதியையும் சொல்லிடுங்கய்யா."

"கட்டாயம்" என்றார். அந்த நேரத்தில் மனதாரத்தான் சொன்னார்.

சிரம்பானில் பழம்பத்திரப் பாதுகாப்பு அலுவலகம் என்று ஒன்று இருந்தது. கவுண்டரில் சசிதரன் என்ற இளைஞர். வரைவை ஏறத்தாழப் பக்தியோடு புரட்டினார்.

"அங்கிள், இத நன்கொடையா வாங்க முடியாது."

"ஏன் தம்பி?"

"முதல் பக்கத்தப் பாருங்க. 'கருத்துரையுடன் பதினான்கு நாட்களுக்குள் திருப்பி அனுப்பவும்'னு போட்டிருக்கு. அப்ப இது கவர்மெண்ட் பொருள். கவர்மெண்ட் பொருள கவர்மெண்டுக்கே நன்கொடை குடுக்க முடியாதுலா. திருப்பி ஒப்படைக்கத்தான் முடியும்."

"சரி, ஒப்படைக்கிறன்."

"ஆனா அறுபத்தெட்டு வருஷம் லேட். தாமதத்துக்குக் காரணம்?"

"கோப்பில இருந்தது."

"அது ஏத்துக்கக்கூடிய காரணம்தான்" என்று எழுதிக்கொண்டார் சசிதரன். பிறகு கடைசிப் பக்கத்துக்கு வந்தார். முகம் வாடியது. 'கருத்துரை' என்ற தலைப்பின் கீழ் நான்கு புள்ளிக்கோடுகள், துடைத்துவிட்டதுபோல் கிடந்தன.

"காலியா இருக்கே அங்கிள்."

"காலியா இருக்கிறதுதான் அதுக்கு மதிப்பாம். மகள் சொன்னவ."

"இருக்கலாம். ஆனா பூர்த்தி செய்யாத பாரத்த எப்படி வாங்குறது?"

இந்த வாக்கியத்தை முப்பத்தைந்து ஆண்டுகள் கவுண்டரின் அந்தப் பக்கத்திலிருந்து சொன்னவர் சிவசுப்பிரமணியம். தோட்டம் துண்டாடப்பட்டு வீட்டு மனைக்கு மனுப்போட்டவர்களிடம் சொல்லியிருக்கிறார். கணவன் செத்து மூன்றாம் நாள் வந்தவர்களிடமும் சொல்லியிருக்கிறார். இந்தப் பக்கத்திலிருந்து கேட்டபோதும் அவருக்கு அதில் ஒரு குறை தெரியவில்லை. நம்முடைய பிள்ளை, என்ன தெளிவு என்று நெஞ்சு நிறைந்தது. மகளின் குரல் காதில் ஒலிக்கத்தான் செய்தது. ஆனால் கண்ணெதிரே நான்கு காலி வரிகள் இருக்க, எந்தக் கிளார்க்கால் சும்மா இருக்க முடியும்?

பேனாவை எடுத்தார்.

இந்த நாட்டில் என்னென்ன கோளாறு என்று தேநீர்க் கடையில் தினமும் மாலை முழங்குகிறவர் அவர். இப்போது நாடே தன் முதல் சட்டத்தை நீட்டி, ஐயா, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கிறது. வரைவை முதலிலிருந்து ஒருமுறை புரட்டினார். அரைமணி நேரம் யோசித்தார். அச்சுக்கோத்தாற்போன்ற கையெழுத்தில் எழுதினார்:

"1. பக்கம் 14: ஒரு காற்புள்ளி மிகை.
2. பக்கம் 22: எழுத்துப் பிழை ஒன்று.
3. பக்க எண்கள் கீழே நடுவில் இருப்பது நலம்.
4. மற்றபடி ஆட்சேபனை இல்லை."

சசிதரன் 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தி, ஓரத்தில் இரண்டு ஓட்டை போட்டு, கோப்பில் சேர்த்தார். எழுந்து நின்று கைகுலுக்கினார். மயூரி மட்டும் ஒரு மாதம் அப்பாவோடு பேசவில்லை.

மூன்று மாதம் கழித்து, அரசு முத்திரையுடன் பதில் வந்தது.

"தங்கள் மேலான கருத்துரை கிடைக்கப்பெற்றது. காலக்கெடு முடிந்துவிட்டமையால் இம்முறை சேர்க்க இயலவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். நாடு அடுத்த முறை சுதந்திரம் பெறும்போது பரிசீலிக்கப்படும்."

தெருவே திரண்டு வந்தது. நம்மவர் எழுதிய கடிதத்துக்குப் பதில் வருவதே பெரிய விஷயம் என்று வழக்கறிஞர் சுகுமாறன் தழுதழுத்தார். பிரேமநாதன் கடிதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தேநீர்த் தட்டோடு வந்த செல்லம் நின்றார்.

"என் சங்கதிய எழுதினீங்களாய்யா?"

"நாலு வரிதான் இருந்தது செல்லம். இடம் காணேல்ல."

செல்லம் கோபப்படவில்லை. கடைசி வரியை இன்னொருமுறை படிக்கச் சொன்னார். சிவசுப்பிரமணியம் படித்துக் காட்டினார்.

"அப்ப அடுத்த சுதந்திரத்துக்கு எப்ப மனுப் போடணுங்கய்யா?"

வரவேற்பறையில் ஒரு வழக்கறிஞர், இரண்டு ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள் நால்வர் இருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் ஆழ்ந்து யோசித்தார்கள். தேநீர் ஆறியது. கடைசியில், எதற்கும் மனுப் பாரத்தை இப்போதே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, பிறகு வரிசை நீண்டுவிடும் என்று ஏகமனதாக முடிவாயிற்று. வீட்டுக்கு இரண்டு பிரதி.