சீல் பார்த்தேன், செவுள் பார்க்கவில்லை

திருவொற்றியூர்,
16.6.2005

மதிப்பிற்குரிய தேசப்பன் மாமா அவர்களுக்கு,

மைத்துனன் எட்டியப்பன் அநேக வணக்கங்களுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் அங்கம்மாவும் சுகம்; என் மரியாதைக்கு மட்டும்தான் நாலு நாளாக உடம்பு சரியில்லை. மீஞ்சூரில் தாங்களும் பவுனம்மாள் அக்காவும் தங்கள் மகள், என் மருமகள் நர்மதாவும் சுகமாயிருக்க வடிவுடையம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "அந்த இன்டர்நெட் காலேஜ் சுத்தமான காலேஜ் மாமா, கண்ணை மூடிக்கினு நர்மதாவைச் சேருங்க" என்று சொன்னேன் அல்லவா? தயவுசெய்து கண்ணைத் திறந்துகொள்ளுங்கள். பணம் இன்னும் கட்டவில்லை என்றால் கட்ட வேண்டாம்.

வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் படிக்கிற அந்தக் காலேஜ் நிஜம் என்றால் நர்மதா படிக்கட்டும், டூப் என்றால் ஆவணியில் கல்யாணம், தினம் ரயிலேறி பட்டணம் போய்ப் படிக்கிற பேச்சே கூடாது என்று தாங்கள் தீர்ப்புச் சொல்லி, அங்கீகாரம் உண்மையா என்று விசாரிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தீர்கள். ஹார்பரில் இருப்பவன், நாலும் தெரிந்தவன் என்று நம்பினீர்கள். அந்த நாலில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், சீல். இருபத்தாறு வருஷமாக கன்டெய்னர் கதவில் தொங்குகிற சீல் நம்பரையும் பேப்பரில் இருக்கிற நம்பரையும் ஒத்துப்பார்த்து டிக் அடிக்கிறேன். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை, பார்க்கச் சொல்லி யாரும் சம்பளம் தரவும் இல்லை. காலேஜ் புத்தகத்தில் தங்கக் கலரில் பெரிய சீல், 'அகில உலக இணையக் கல்வி அங்கீகாரக் கவுன்சில்' என்று பேர், அடியில் ஒன்பது இலக்க நம்பர். ரஷீது வைத்திருக்கிற பிரவுசிங் சென்டருக்குப் போய் அந்தக் கவுன்சிலைத் திறக்கச் சொன்னேன். அங்கேயும் காலேஜ் பேர் இருந்தது, அந்த ஒன்பது இலக்கமும் இந்த ஒன்பது இலக்கத்தோடு ஒத்துப்போனது. டிக் அடித்தேன். ரஷீது, "அவ்ளோதானா நைனா?" என்றான். "அவ்ளோதான்டா, அனுபவம்" என்றேன். அந்த வார்த்தையை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காசிமேட்டிலிருந்து மீன் கூடையோடு வந்த அங்கம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் கூடையை இறக்கிக்கூட வைக்கவில்லை. "அந்த கவுன்சிலு யாருய்யா?" என்றாள். "காலேஜ் நல்ல காலேஜ்னு சொல்றவங்க." "அவங்க நல்லவங்கன்னு யார் சொன்னது?" "காலேஜ் புக்குல போட்டுகீது." "த்தூ! மீன் நல்லாகீதான்னு மீன் விக்கிறவளையே கேட்டுகினு வந்துட்டு பேச்சு வேற. செவுளைத் தூக்கிப் பார்த்தியா?"

திங்கட்கிழமை செவுளைத் தூக்கினேன். ரஷீது இந்த முறை யு.ஜி.சி. பட்டியலைத் திறந்தான். காலேஜும் இல்லை, கவுன்சிலும் இல்லை. சரி, விட்டுப்போயிருக்கும் என்று (என் மூளையைப் பாருங்கள்) எஸ்.டி.டி. பூத்திலிருந்து காலேஜின் சென்னை ஆபீசுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் பேசினாள், பின்னால் யாரோ "எத எடுத்தாலும் இருபது ரூபா" என்று கத்திக்கொண்டிருந்தான். அப்புறம் கவுன்சிலின் தெற்காசிய ஆபீசுக்குப் போட்டேன். அங்கேயும் அதே இருபது ரூபாய். ரெண்டு ஆபீசும் பக்கத்துப் பக்கத்தில் போலிருக்கிறது, விசாரிக்க எவ்வளவு சௌகரியம் என்று சந்தோஷப்பட்ட ஒரே ஆள் இந்தச் சென்னையில் நான்தான்.

மறுநாள் லீவு போட்டு வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். நைட்டிக் கடைக்கு மேலே ஒரே ரூம். ரெண்டு மேஜை, ரெண்டு போர்டு, ஒரு நாற்காலி, ஒரு பெண். பேர் தேவகிருபை, நர்மதா வயசுதான் இருக்கும். காலேஜைப் பற்றிக் கேட்டேன், சொன்னாள். "அங்கீகாரம் உண்டாம்மா?" என்றேன். "அது கவுன்சில் சார்" என்று எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போய் உட்கார்ந்து, "வணக்கம் சார், சொல்லுங்க" என்றாள்! சண்டை போடத்தான் மாமா போனேன். வாயைத் திறப்பதற்குள் அவள் குரலைத் தாழ்த்தி, "சார், நீங்க கவர்மென்ட் ஆளா? நானும் இதுலதான் பி.காம். படிக்கிறேன். சம்பளம் கெடையாது, அதுக்குப் பதிலா படிப்பு. ரெண்டு வருஷம் ஆயிடுச்சு. இது செல்லுமா சார்?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. செல்லாதும்மா என்று சொல்ல வாய் வராமல், கீழே இறங்கி வந்து தேவையில்லாமல் ஒரு நைட்டி வாங்கினேன். அதுவும் அங்கம்மாவுக்குச் சின்னது.

ஆகையால் மாமா, அந்தக் காலேஜ் டூப். ஆனால் அதற்காக நர்மதாவின் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். உதவாக்கரை ஆள் நான்தான், அவள் என்ன செய்தாள்? ராயபுரம் ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி இருக்கிறது, வரும் திங்கட்கிழமை கடைசி நாள். தாங்கள் யோசித்து, சம்மதம் என்று ஒரு வரி எழுதினால் மட்டுமே விண்ணப்பம் வாங்குவேன். தங்கள் அனுமதி இல்லாமல் ஒரு துரும்பையும் நகர்த்த மாட்டேன், இது சத்தியம்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். நர்மதாவுக்கு என் ஆசிகள், அவை எந்தக் கவுன்சிலிலும் பதிவாகாதவை என்றாலும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
எட்டியப்பன்

பி.கு.: நேற்று அக்காவும் நர்மதாவும் திருவொற்றியூர்க் கோயிலுக்கு என்று கிளம்பி வந்தார்களே, கோயிலுக்கும் போனோம். அதற்கு முன்னால் ராயபுரம் போனோம். நர்மதாவுக்கு பி.காம். கிடைத்துவிட்டது, பீசும் கட்டியாகிவிட்டது. தேவகிருபைக்கும் ஒரு விண்ணப்பம் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்து, செல்லாது என்பதையும் சொல்லிவிட்டு வந்தேன். கல்லூரியைப் பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டாம். யு.ஜி.சி. பட்டியலில் பார்த்தேன், பல்கலைக்கழகத்துக்கே போய்க் கேட்டேன், வகுப்பில் பெஞ்சையும் தட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒரிஜினல். தகப்பனார் கையெழுத்து மட்டும்தான் டூப், அதை நான் போட்டேன். அங்கிருந்த கிளார்க் என் ஜாதி ஆள் போலிருக்கிறது, கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்து டிக் அடித்தார். தாங்கள் திங்கட்கிழமை ஒரு நடை வந்து அதையும் ஒரிஜினலாக்கிவிட்டு, அப்புறம் என்னை அடியுங்கள்.