பேராச்சி என்ற சுண்டெலியும் அன்பாகத் தூக்கும் தேர்வும்

ஒரு காட்டில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. காட்டுக்கு எதற்குப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். நாட்டில் இருப்பவற்றைப் பார்த்து யாராவது அப்படிக் கேட்கிறார்களா? காட்டுக்கே ராஜாவான சிங்கம் அங்கே வெறும் துணைவேந்தர்தான். வேந்தர் யார் என்று சிங்கத்துக்கே தெரியாது. ஆனாலும் பட்டமளிப்பு விழாவில் நடுவில் ஒரு காலி நாற்காலி போட்டு, அதற்கும் ஒரு மாலையைச் சாத்திவிடுவார்கள்.

அங்கே பேராசிரியர் நரி ஓர் ஆராய்ச்சி நடத்திவந்தது. சுண்டெலியின் மூளையில் பயம் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு எலியின் மண்டையைத் திறந்து பார்க்க வேண்டும். எலியையே கேட்டிருந்தால், நரி உள்ளே வரும் கதவைக் காட்டியிருக்கும். ஆனால் கேட்டுத் தெரிந்துகொண்டதை எல்லாம் ஆராய்ச்சி என்று யார் ஒத்துக்கொள்வார்கள்?

நரிக்கு எலியைத் தூக்க ஒரே வழிதான் தெரியும். வாலைப் பிடித்துத் தூக்கும். தூக்கி, தலைகீழாகத் தொங்கவிட்டபடியே போனில் மச்சானோடு ஊர்வம்பு பேசும். ஒருநாள் அப்படிப் பேச்சு சுவாரசியத்தில் இருந்தபோது சோதனைக்கூடத்தைப் பார்வையிட வந்த ஆய்வுக்குழு உள்ளே நுழைந்துவிட்டது. குழுவில் எல்லாரும் மான்கள். அடுத்தவர் கையில் அகப்பட்டால் எப்படி இருக்கும் என்று மான்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சீக்கிரமே உத்தரவு வந்தது. சோதனைக்கூடப் பிராணிகளை அன்போடு கையாளும் பயிற்சியில் தேறாத எந்த ஆராய்ச்சியாளரும் இனி ஓர் எலியைக்கூட அறுவை மேசைக்குக் கொண்டுபோகக் கூடாது.

பயிற்சி கொடுக்கக் கொக்கை வரவழைத்தார்கள். ஜீவகாருண்யத்தில் கொக்கை மிஞ்ச ஆளில்லை. அது குளத்தில் நிற்கும்போது எந்த மீனும் பதறியதில்லை. பதறுவதற்கு அது நேரம் கொடுத்ததில்லை.

வகுப்பு நன்றாகத்தான் நடந்தது. எலிக்கு மேலிருந்து கை வரக் கூடாது, ஏனென்றால் எலியைப் பொறுத்தவரை மேலிருந்து வருவதெல்லாம் பருந்து என்று கொக்கு விளக்கியது. கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும், உள்ளங்கையைக் குழிவாக வைத்துக் காத்திருக்க வேண்டும், எலி தானாக ஏறி வரவேண்டும் என்றது. கழுதைப்புலி, காட்டுப்பூனை, கீரி எல்லாம் தலையாட்டின. மலைப்பாம்பு மட்டும் வரும்போதே எதையோ விழுங்கிவிட்டு வந்து கடைசி வரிசையில் தூங்கியது. இடைவேளையில் போண்டா கொடுத்தார்கள். பயிற்சியில் எல்லாருக்கும் நினைவில் நின்றது அந்தப் போண்டாதான்.

அப்புறம் தேர்வு. அதற்கென்று கூண்டிலிருந்து ஒரு வெள்ளைச் சுண்டெலியை எடுத்து வைத்தார்கள். அவள் பெயர் பேராச்சி. ஆள் கட்டைவிரல் அளவு. பெயர் மட்டும் அப்படி.

தேர்வு எளிது. பேராச்சியைக் கையில் ஏந்திக்கொள்ள வேண்டும். கொக்கு ஒற்றைக்காலில் நிற்கும். அது கால் மாற்றுவதற்குள் பேராச்சி கீச்சிட்டாலோ, கடித்தாலோ, கையில் புழுக்கை போட்டாலோ ஃபெயில். பயந்த எலிதான் புழுக்கை போடும். தப்பு எலியின் மேல் இல்லை, கையின் மேல்தான் என்பது விதி. ஆக மொத்தம், யார் பாஸ் யார் ஃபெயில் என்று தீர்மானிக்கும் வேலையைப் பல்கலைக்கழகம் ஓர் எலியின் வயிற்றிடம் ஒப்படைத்துவிட்டது. இப்படி ஒரு யோசனை படித்தவர்களுக்குத்தான் வரும்.

முதலில் நரி வந்தது. தொட்டதுமே புழுக்கை. கழுதைப்புலி சிரித்துக்கொண்டே வந்தது. அந்தப் பல்லைப் பார்த்ததும் புழுக்கை. கீரிக்குக் கீச்சு, காட்டுப்பூனைக்கு இரண்டும். பேராச்சி வேண்டுமென்று செய்யவில்லை, பாவம், உயிர்ப்பயம். எல்லாரையும் மறுபடி வரச்சொல்லி அனுப்பினார்கள். மறுபடியும் அதே கதைதான்.

கூண்டில் இதை முதலில் புரிந்துகொண்டவள் பேராச்சியின் நாத்தனார் வெள்ளத்தாயி. வாய் கொஞ்சம் நீளம், ஆனால் புத்தி அதைவிட நீளம். இப்போதெல்லாம் கூண்டிலிருந்து யாரையும் கொண்டுபோவதில்லையே, கவனித்தீர்களா என்று எல்லாரையும் கேட்டாள். பாஸானவர்தான் கத்தி எடுக்கலாம், ஒருத்தரும் பாஸாகவில்லை, அதனால்தான் நாமெல்லாம் இன்னும் மண்டையோடு உட்கார்ந்திருக்கிறோம் என்று விளக்கினாள்.

அன்றிலிருந்து பேராச்சிக்குக் கூண்டில் ராஜ உபசாரம். தேர்வு நாளில் சரக்கு தீர்ந்துபோகக் கூடாது என்று ஆளுக்குக் கொஞ்சம் தங்கள் தீனியில் பிடித்து அவளுக்குக் கொடுத்தார்கள். கர்ப்பிணிகூடக் கொடுத்தாள். பேராச்சியும் சளைக்கவில்லை. பயம் தெளிந்த பிறகும் கடமை தவறாமல் ஒவ்வொரு கையிலும் போட்டுவிட்டு வந்தாள்.

ஆராய்ச்சி நின்றதே தவிர பயிற்சி நிற்கவில்லை. அடிப்படைப் பயிற்சி, மேல்பயிற்சி, பயிற்சியாளருக்குப் பயிற்சி என்று பெருகியது. பக்கத்துக் காட்டிலிருந்தெல்லாம் வந்து ஃபெயிலாகிவிட்டுப் போனார்கள். ஓர் எலிக்குக்கூடத் துன்பம் நேராத பல்கலைக்கழகம் என்று சிங்கத்துக்கு விருது கொடுத்தார்கள். சிங்கம் அதை வாங்கிக்கொண்டு, எலிகளுக்கும் நன்றி என்றது. வயிறெரிந்தது நரி ஒன்றுதான். நல்லா இருந்த வேலையைக் கெடுத்தான் பார் கொக்கு என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்பியது.

இப்படி இருக்கும்போதுதான் நரியிடம் ஆராய்ச்சி மாணவியாகக் கரடி கோமளவல்லி வந்து சேர்ந்தாள். இவ்வளவு பெரிய உடம்பு. நடந்தால் கூண்டு ஆடும். எலிகள் இவளா பாஸாகப்போகிறாள் என்று வாயைப் பொத்திச் சிரித்தன.

கோமளவல்லி தேர்வு மேசைக்கு வந்தாள். நிற்காமல் தரையில் உட்கார்ந்தாள். கையைத் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கினாள். மேசையின் மேல் மல்லாத்தி வைத்தாள். அவ்வளவுதான். கூப்பிடவில்லை, இழுக்கவில்லை, உச்சுக்கொட்டவில்லை. வகுப்பில் சொன்னதை அப்படியே செய்த முதல் ஆள் அவள்தான். பேராச்சி இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். கை அசையவில்லை. மோந்து பார்த்தாள். ஏறினாள். போட வேண்டியதைப் போட்டுவிட்டு இறங்கலாம் என்றுதான் ஏறினாள். கை அடுப்படி மண் மாதிரி கதகதப்பாக இருந்தது. பிறந்ததிலிருந்து இடுக்கியும் நகமும் தவிர எதுவும் தொடாத உடம்பு அது. பேராச்சி தூங்கிப்போனாள்.

கொக்குக்குக் கண் கலங்கிவிட்டது. கால் மாற்ற மறந்து நெடுநேரம் நின்றது. பிறகு, இன்னும் ஒரு தடவை, நாளைக்குத் துணைவேந்தர் முன்னிலையில் செய்துகாட்டினால் சான்றிதழ் உறுதி என்று அறிவித்தது. நரிக்குத் தலைகால் புரியவில்லை. நாளைக்குத் தேர்வு முடிந்த கையோடு கத்தியை எடுத்துவிடலாம், முதல் எலியாக இதையே வைத்துக்கொள்ளலாம், பழகின எலி என்றால் முரண்டு பிடிக்காது என்று கோமளவல்லியிடம் சொன்னது. அதற்குள் விழித்துவிட்ட பேராச்சிக்கு எல்லாம் கேட்டது. கரடி என்ன சொல்லப்போகிறாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

கோமளவல்லிக்கும் மனசு கேட்கவில்லைதான். ஆனால் பட்டம் நரியின் கையெழுத்தில் இருக்கிறதே.

"வேற யாரும் செஞ்சா இது துடிச்சுப் போயிரும் சார்," என்றாள். "நானே செய்யறேன். வலிக்காம பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டுப் பேராச்சியின் முதுகை ஒரு விரலால் தடவிக்கொடுத்தாள். அதில் பொய் இல்லை. அதுதான் பேராச்சியை உலுக்கிவிட்டது.

கூண்டுக்குத் திரும்பியதும் வெள்ளத்தாயி பிடித்துக்கொண்டாள். ஊரே வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித் தீனி கொடுத்தது இதற்குத்தானா, இன்றைக்கு நீ, நாளைக்கு நான், நாளை மறுநாள் இந்தப் பிள்ளைகள் என்று பொரிந்து தள்ளினாள். பேராச்சி தலைநிமிரவே இல்லை.

"கை சூடா இருந்துச்சு தாயி," என்றாள். "என்னையறியாம கண்ணசந்துட்டேன்."

வெள்ளத்தாயிக்குக் கோபம் வடிந்துவிட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எல்லாம் சரிதான் மதினி. நாளைக்கு அந்தக் கையில புழுக்கை வருமா உங்களுக்கு?"

வராது என்று பேராச்சிக்குத் தெரியும். முரட்டுப் பிடி இல்லாத இடத்தில் வயிறு ஒத்துழைக்காது. கீச்சிடவும் வாய் வராது. மிச்சம் ஒரே வழிதான் இருந்தது. அதை நினைத்து அவள் அழுதாள்.

மறுநாள் சிங்கம் வந்து உட்கார்ந்தது. அறுவை மேசையை முன்கூட்டியே துடைத்து வைத்திருந்தார்கள். கொக்கு காலைத் தூக்கியது. கோமளவல்லி தரையில் உட்கார்ந்து, கையைச் சூடாக்கி, மல்லாத்தி வைத்தாள். பேராச்சி நேராக ஏறி நடுவில் உட்கார்ந்தாள். உடனே கடித்திருக்கலாம். கடிக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்தச் சூட்டில் அப்படியே இருந்தாள். கொக்கு கால் மாற்றப்போகும் சமயம் பார்த்து, கட்டைவிரலின் அடிச்சதையில் பல் எல்லாம் இறங்கும்படி கடித்தாள்.

ரத்தம் வந்தது. வேறு யாராக இருந்தாலும் உதறியிருப்பார்கள், பேராச்சி சுவரில் போய் ஒட்டியிருப்பாள். கோமளவல்லி உதறவில்லை. கையை மெல்லத் தாழ்த்தி, அவளை மேசையில் இறக்கிவிட்டாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். விரல் வலித்து அழவில்லை. நான் என்ன தப்பு செய்தேன் என்று கொக்கிடம் கேட்டுக் கேட்டு அழுதாள். கொக்கு, தப்பு கையின் மேல்தான் என்ற விதியைப் படித்துக்காட்டிவிட்டு, ஃபெயில் என்றது.

கோமளவல்லி பட்டமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு மலைப்பக்கம் போய்விட்டாள். கூண்டில் அன்றைக்குத் திருவிழா. வெள்ளத்தாயி மட்டும் ஆடவில்லை, மதினியின் பக்கத்திலேயே இருந்தாள். பேராச்சி தன்னை மன்னிக்கச்சொல்லி யாரிடம் கேட்பது என்று தெரியாமல் வாயைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டாள்.

அவள் நெடுநாள் வாழ்ந்தாள். நரி விடாமல் தேர்வுக்கு வந்துகொண்டே இருந்தது. வரும், மேலிருந்து கையை விடும், கழுத்தைக் கவ்விப் பிடிக்கும், விலா நோகும்படி நெரிக்கும். பேராச்சி நிம்மதியாகப் புழுக்கை போட்டுவிட்டுக் கூண்டுக்குத் திரும்புவாள். மடியில் வைத்து வளர்த்த பிள்ளைகளுக்கும் அவள் அதையே சொல்லிக்கொடுத்தாள்.

நீதி: முரட்டுக் கையை நம்பு, அது என்றைக்கும் பாஸாகாது. அன்பான கையைக் கண்டால் அழுதுகொண்டாவது கடித்துவிடு.