பின்பக்கம் ஒரு சாண் உயர்ந்துபோன வண்டி பற்றி மாமாவுக்கு

மதிப்பும் அன்பும் நிறைந்த மாமாவுக்கு,

உங்கள் மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அத்தையும் மகள் வீட்டில் சௌகரியமாக இருப்பீர்கள் என்றும், பேத்தி இப்போது உங்கள் மீசையைப் பார்த்து அழுவதை நிறுத்தியிருப்பாள் என்றும் நம்புகிறேன். இங்கே நாங்கள் மூவரும் நலம். நீங்கள் எங்களிடம் விட்டுப்போன நான்காவது ஆசாமியின் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் போனில் பேசுவது என்றால் அப்பாவுக்கு முன்னால் நின்று பேசுவது. தவிர, நீங்கள் இடையில் "என்னம்மா சொல்றே" என்று கேட்டால் எனக்குத் தைரியம் போய்விடும். காகிதம் குறுக்கே பேசாது.

வண்டி ஓடுகிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கு சக்கரங்களும் தரையில்தான் இருக்கின்றன. அவற்றுக்கு மேலே உள்ள பகுதி எங்கே இருக்கிறது என்பதில்தான் சிறிய மாற்றம்.

நீங்களும் அப்பாவும் ஆறு வருஷம் பேசாமல் இருந்ததற்குக் காரணம் ஒரு அலமாரி என்பதை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. அது வாசலில் நுழையுமா நுழையாதா என்று இரண்டு பேரும் ஆளுக்கொரு டேப்பால் அளந்து, ஆளுக்கொரு பக்கம் தள்ளி, கடைசியில் அது மூன்று நாள் நிலைக்கதவில் சிக்கி நிற்க, நாங்கள் எல்லோரும் சமையலறை வழியாகப் போய்வந்தோம். நுழையும் என்றது யார், நுழையாது என்றது யார் என்பது இருவருக்குமே மறந்துவிட்டது. கோபம் மட்டும்தான் நினைவிருந்தது. அப்படியிருக்க, புறப்படுகிற அன்று நீங்கள் பிக்கப் வண்டியின் சாவியை அம்மாவிடம் கொடுத்து, "சும்மா நின்னா கெட்டுப்போயிடும், மாப்பிள்ளைய அப்பப்ப ஓட்டச் சொல்லு" என்று சொன்னீர்களே, அந்த ஒரு வார்த்தை அப்பாவை என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியாது. "மாப்பிள்ளைன்னா சொன்னார்? இல்ல உங்க வீட்டுக்காரர்னு சொன்னாரா?" என்று அம்மாவை ஒரு வாரம் குடைந்தார். அம்மா ஏழு தடவையும் அதையே சொன்னாள். எட்டாவது நாள் அவர் டேப்பை எடுத்துக்கொண்டு வண்டியிடம் போனார்.

நான்கு மூலைகளிலும் சக்கர வளைவிலிருந்து தரைவரை அளந்தார். அளவுகளைக் காலண்டரில் குறித்துக்கொண்டார். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் நான்கு விரல் தாழ்ந்திருந்தது, அதுவும் வெறும் வண்டியில். லாரிகளை நிறுத்துப் பார்க்கும் எடைமேடையில் முப்பது வருஷம் உட்கார்ந்து, கண்ணாடி ஜன்னல் வழியாக லாரிகளின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு அது தாங்கவில்லை. ஸ்பிரிங் பட்டைகள் களைத்துப்போய்விட்டன, மச்சானுக்கு இது தெரியாது, தெரிந்தாலும் கவனிக்க நேரமிருக்காது என்று முடிவு செய்தார். உங்கள் வண்டி ஏற்றுவது மெத்தையும் தலையணையும்தானே என்று நான் கேட்டேன். "இன்னைக்குத் தலையணை, நாளைக்கே கடை பெருசாகி வேற ஏதாவது ஏத்தினா?" என்றார். பிறகு, வண்டியைப் பார்த்துக்கொண்டே, என்னிடம் பேசாதமாதிரி, "மச்சான் வந்து பாக்கட்டும். வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லமாட்டார். ஆனா உள்ளுக்குள்ள தெரியும், மாப்பிள்ளைகிட்ட கொடுத்தா பொருள் தேறி வரும்னு" என்றார். அந்த இடத்தில் நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. அவர் குரல் அப்படி இருந்தது.

எங்கள் தெருமுனை மெக்கானிக்கை உங்களுக்குத் தெரியாது. அவருக்கு இங்கே 'அதோட' என்று பெயர். எந்த வேலையைச் சொன்னாலும் முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே, "அதோட சார்..." என்று ஆரம்பிப்பார். அப்பா கேட்டது பக்கத்துக்கு ஒரு பட்டை சேர்க்கச் சொல்லி. ஒன்று சேர்த்தவர், அதோட இன்னொன்றும் போட்டால்தான் முதல் பட்டைக்குத் துணையாக இருக்கும் என்றார். இரண்டு போட்டதும் பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கிற பழைய யு போல்ட் எட்டவில்லை, நீளமானது வந்தது. போல்ட் நீளமாகிவிட்டதால் மிச்ச இடம் வீணாகிறதே என்று அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு இரும்புக் கட்டை வந்தது. அதோட, அவ்வளவு பாரம் ஏற்றினால் நடுவில் தாங்க ஒன்று வேண்டுமே என்று இரண்டு காற்றுப் பைகள் வந்தன. டயருக்கு அடிக்கிற பம்பால் அவற்றுக்குக் காற்றடித்தார்கள். அப்பா ஒவ்வொரு அடிக்கும் தலையாட்டிக்கொண்டே நின்றார். சாயங்காலம் காலண்டரில் புதிய அளவு ஏறியது. முன்பு நான்கு விரல் தாழ்ந்திருந்த பின்பக்கம் இப்போது முன்பக்கத்தைவிட ஒரு சாண் உயரம்.

மாமா, அந்த வண்டியைத் தெருவில் பார்த்தால் கீழே விழுந்த எதையோ தேடுவதுபோல் இருக்கிறது. முகப்பு விளக்கு போட்டால் பம்பருக்கு முன்னால் இரண்டு முழம் தரை மட்டும் பளிச்சென்று தெரிகிறது, எறும்புகூடத் தெரிகிறது, அதற்கப்பால் ஒன்றும் தெரியாது. அம்மாவை முதல்முறை ஏற்றிக்கொண்டு போனபோது முதல் பிரேக்கில் அவள் சீட்டிலிருந்து வழுக்கி, டாஷ்போர்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். கடைக்குப் போய்விட்டு வரும்வரை அப்படியேதான் வந்தாள். "உக்காந்து பழகணும்" என்றார் அப்பா. டாங்கில் டீசல் எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கியதாலோ என்னவோ, முள் இரண்டு நாள் அசையாமல் ஃபுல் காட்டியது. பட்டை மாற்றியதில் மைலேஜ் கூடிவிட்டது என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். மூன்றாம் நாள் வண்டி மேம்பாலத்தின் உச்சியில் நின்றது. தள்ளுவதற்கு இறங்கியவர்களிடமும் அவர் முள்ளைத்தான் காட்டினார்.

மெக்கானிக்கிடம் போனோம். அவர் வண்டியை ஒருமுறை சுற்றி வந்து, தப்பு வண்டியில் இல்லை, லோடு இல்லாததுதான் தப்பு என்றார். ஏற்றினால் சமமாகிவிடும். எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பது அப்பா கணக்குப் போட வேண்டிய விஷயம். அதற்கு வெறும் வண்டியின் எடை சரியாகத் தெரிய வேண்டும். தன் பழைய எடைமேடைக்கே ஓட்டிக்கொண்டு போனார், புகுந்த வீட்டுக்கு மகளை அழைத்துப்போகிற முகத்துடன். இப்போது அங்கே இருப்பவள் என் வயதுப் பெண். மேடை காட்டிய எடையிலிருந்து அப்பா தன்னைக் கழித்தார், புதுப் பட்டைகளைக் கழித்தார், இரும்புக் கட்டையைக் கழித்தார், சாவிக்கொத்தைக்கூடக் கழித்தார். அப்படியும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதைவிட இருநூற்று நாற்பது கிலோ அதிகம். அவர் வண்டியை மேடையில் மூன்று முறை ஏற்றி இறக்கினார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, தான் இருந்தவரைக்கும் இந்த மேடை ஒரு கிலோ பொய் சொன்னதில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, மேடையைப் புதியவர் கெடுத்துவிட்டார் என்று மேலிடத்துக்கு இரண்டு பக்கப் புகார் எழுதினார்.

மேடையை நம்ப முடியாது என்றானபின் கண்ணால் பார்த்து ஏற்றுவதுதான் வழி. ஞாயிற்றுக்கிழமை காலை தெருவாசிகளை அழைத்து வண்டியின் மேல் நிற்கவைத்தார். டேப்புடன் கீழே குந்தி ஒவ்வொருவரின் எடையையும் கேட்டுக் குறித்தார். எல்லோரும் குறைத்துத்தான் சொன்னார்கள். மாடிவீட்டுத் தையற்காரர் அறுபது என்றதும் வண்டி இரண்டு விரல் இறங்கியது. "முப்பது வருஷம் லாரிக்காரன் பொய்யையே பிடிச்சவன் நான், என்கிட்டயேவா?" என்றார் அப்பா. தையற்காரரின் மனைவி மேலிருந்தபடியே, "அறுபதுன்னு சொன்னது கல்யாணத்தப்ப. அதுக்கப்புறம் அவரை யாரும் கேக்கல" என்றாள். அதோடு அந்தப் பரிசோதனை கலைந்தது. அந்த வீட்டில் அன்றைய சமையலும் நடக்கவில்லை என்று கேள்வி.

பிறகுதான் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை வந்தார். தன் இரும்புப் பெட்டகத்தைத் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றார். ஐந்து பேர் ஏற்றினார்கள். வண்டி முதல்முறையாகக் கொஞ்சம் நிமிர்ந்தது. அப்பாவின் கண் கலங்கியது. தங்கை வீட்டில் பெட்டகத்தைப் பார்த்ததும் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். திரும்பக் கொண்டுவந்தால் இறக்க ஐந்து பேர் கிடைக்கவில்லை, அப்பா பெரிதாகத் தேடவும் இல்லை. அதனால் பதினோரு நாளாகப் பெட்டகம் வண்டியில்தான் இருக்கிறது. தலைமையாசிரியையின் பத்திரங்களும் பென்ஷன் புத்தகமும் அதற்குள். தினமும் காலையில் சாவியுடன் வந்து, ஸ்டூல் போட்டு ஏறி, நடுத்தெருவில் பெட்டகத்தைத் திறந்து எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துவிட்டு இறங்குவார். நேற்று அப்பா அது தெரியாமல் வண்டியை எடுத்துவிட்டார். சந்தை வரை போய் இறங்கும்போதுதான் பார்த்தார், தலைமையாசிரியை பெட்டகத்தின் மேல் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். "பரவாயில்ல, எனக்கும் காய் வாங்கணும்" என்றாராம்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருக்கிறது, அந்தப் புகாரைத் தவிர. அப்பாவின் காகிதத்தால் அந்த எடைமேடைப் பெண்ணிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாள். "மேடை சரியாத்தான் இருக்கு. உங்க வண்டியிலதான் ஏதோ இருக்கு. அடியில ஒரு தடவை பாத்துட்டு வாங்க, அப்புறம் என்னைத் திட்டுங்க" என்றாள்.

நேற்று மத்தியானம் அப்பா தூங்கும்போது நானும் மெக்கானிக்கும் சாக்கு விரித்து வண்டிக்கு அடியில் படுத்தோம். டார்ச் வெளிச்சத்தில் முதலில் எனக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. பிறகு பார்த்தேன். எட்டு இரும்புப் பலகைகள். ஒவ்வொன்றும் முப்பது கிலோ இருக்கும். அடிச்சட்டத்தின் கறுப்பு வண்ணமே அடித்து, வரிசையாக போல்ட் முடுக்கி, சத்தம் வராமலிருக்க ஒவ்வொன்றுக்கும் இடையில் நீல ரப்பர் செருப்பை அளவாக வெட்டி வைத்து. "கம்பெனியில வந்ததுன்னுல்ல நெனச்சேன். இவ்ளோ சுத்தமா யாருங்க பண்ணுவாங்க?" என்றார் மெக்கானிக். அந்த நீலச் செருப்பை எனக்குத் தெரியும், மாமா. போன வருஷம் அத்தை அதை எங்கள் வீடுவரை வந்து தேடினார்.

நான் நேரே சமையலறைக்குப் போய் அம்மாவைக் கேட்டேன். அம்மா கையில் இருந்த வேலையை நிறுத்தவே இல்லை. "ஆமா, அண்ணன்தான் போட்டுச்சு. தலையணைய ஏத்திட்டுப் போனா வண்டி குதிக்குது, அண்ணிக்கு இடுப்பு வலின்னு. உங்கப்பாகிட்ட சொல்லாதேன்னுச்சு. மெத்தைக் கடைக்காரன் இரும்பைக் கட்டிட்டு ஓட்டறான்னு உங்கப்பா சிரிப்பார்னு."

"ஏம்மா, மூணு வாரமா நாங்க படற பாட்டைப் பாத்துட்டுத்தானே இருக்கே?"

"என்னை யாரும் கேக்கலையே."

ஆகவே நிலவரம் இதுதான். ஒரே வண்டியை நீங்கள் ரகசியமாகக் கீழே இறக்கியிருக்கிறீர்கள், அப்பா உங்களைச் சந்தோஷப்படுத்த மேலே தூக்கியிருக்கிறார். வண்டி நடுவில் நிற்கிறது, அதன்மேல் ஒரு பெட்டகம். இது வெளியே வந்தால் என்ன ஆகும் என்று இரவெல்லாம் யோசித்தேன். நீங்கள் இரும்பு கட்டியதைப் பார்த்து அப்பா ஒருமுறை சிரித்தால் போதும், அல்லது அவர் தூக்கியதைப் பார்த்து நீங்கள் ஒருமுறை உச்சுக் கொட்டினால் போதும், இன்னொரு ஆறு வருஷம். அலமாரியையாவது ஆசாரியை வைத்து அறுத்து எடுத்தோம். 'மாப்பிள்ளை' என்ற வார்த்தைக்காக அம்மா காத்திருந்த காலம் எனக்குத் தெரியும். அவள் சொல்லமாட்டாள். யாரும் கேட்கவில்லையே.

என் யோசனை இது. வெள்ளிக்கிழமை அப்பாவுக்குக் கண் பரிசோதனை. மருந்து விட்டால் நான்கு மணி நேரம் எதுவும் சரியாகத் தெரியாது. அந்த நேரத்துக்குள் மெக்கானிக் பட்டை, கட்டை, காற்றுப் பை, உங்கள் பலகைகள் எல்லாவற்றையும் கழற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். 'அதோட' என்று ஆரம்பித்தார், நான் வாயைப் பொத்தச் சொல்லிவிட்டேன். பெட்டகத்தை இன்னும் நான்கு பேருடன் சேர்ந்து இறக்கத் தையற்காரர் சம்மதித்திருக்கிறார், எடை பற்றிப் பேசக்கூடாது என்ற நிபந்தனையுடன். வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடி நிற்கும். அப்பாவிடம், பட்டை பழகிப் படிந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். நீங்கள் வந்ததும் கீழே குனிந்து பார்க்காமல், "வண்டி நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்கள். இதை ஒருபோதும் அவரிடம் பேசாதீர்கள். படித்ததும் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

அத்தைக்கு என் அன்பு, அவர் இடுப்புக்குத் தனியாக விசாரிப்பு. பேத்திக்கு முத்தங்கள். நீங்கள் எல்லோரும் எந்தக் குறையும் இல்லாமல் நல்லபடியாக ஊர் திரும்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

உங்கள் மருமகள்.

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். ஸ்டாம்ப் ஒட்டப் பசை தேடிப் போன நேரத்தில் அப்பா மேசைக்கு வந்து முழுக் கடிதத்தையும் படித்துவிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்க்காமல் வெளியே போய், சாக்கு விரித்து, வண்டிக்கு அடியில் படுத்தார். வெகுநேரம் கால்கள் மட்டும் தெரிந்தன. எழுந்து வந்தவர் நேரே போனை எடுத்தார். ஆறு வருஷத்தில் அவராக உங்கள் எண்ணைச் சுற்றுவது இதுவே முதல்முறை. நானும் அம்மாவும் கதவருகில் நின்றோம். "மச்சான், அந்தச் செருப்பு ரப்பர் வெச்சிருக்கீங்க பாருங்க, அது எனக்குத் தோணவே இல்லை" என்றார். அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. ஆனால் ஒரு மணி நேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், ஆகவே இந்தக் கடிதத்தில் உங்களுக்குப் புதிதாக எதுவும் இருக்காது. இங்கிருந்து எனக்குக் காதில் விழுகிறவரை, எதையும் கழற்றுவதில்லை என்றும், நீங்கள் வந்ததும் இருவரும் சேர்ந்து முன்பக்கத்தையும் ஒரு சாண் தூக்கிவிடுவது என்றும் முடிவாகியிருக்கிறது. டேப்பை நீங்கள் கொண்டுவருகிறீர்களாம்.