அபு ஃபவாஸுக்கு அப்பா போட்ட குல்லா

பெருமதிப்பிற்கும் அதைவிடப் பெரிய பயத்திற்கும் உரிய ஏற்காட்டு விடுதி வார்டன் பிரபாவதி அத்தை அவர்களுக்கு,

குவைத் மங்காஃபிலிருந்து உங்கள் தம்பி மகள் சுஷ்மிதா, எங்கெங்கோ தேடிக் கண்டுபிடித்த பணிவுடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், ஏசி எல்லோரும் நலம். அங்கே நீங்களும் உங்கள் விசிலும் நலம்தானே?

முதல் நன்றி, நீங்கள் பின்னி அனுப்பிய இரண்டு காப்பிக்கலர் குரங்குக் குல்லாக்களுக்கு. பாலைவனத்துக்குக் கம்பளியா என்று சிரித்த சிரிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இரண்டாவது நன்றி, ஏப்ரலில் நான் வந்தாலும் வருவேன் என்று எனக்காக விடுதியில் ஒரு கட்டிலை ஒதுக்கி வைத்தீர்களே, அதற்கு. அதை நல்ல பிள்ளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். நான் வரவில்லை.

கட்டில் எதற்கு என்று உங்களுக்கே தெரியும். அப்பாவின் நண்பர் சாதிக் பாட்ஷா அங்கிளின் போனை நான் அரபிக்கு மாற்றிவைத்தேன். அவர் வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட வழி தெரியாமல் இரண்டு நாள் நிம்மதியாக இருந்தார். அவரே கோபப்படவில்லை, அப்பா பட்டார். "இந்த வீக்கெண்ட் எல்லாரும் டெண்ட்டுக்குப் போறோம். அங்க ஒரு குறும்பு, ஒண்ணே ஒண்ணு பண்ணினே, ஏப்ரல்ல நேரா ஏற்காடு. வாயே திறக்கக் கூடாது" என்றார். பார்த்தீர்களா, பேய் பிசாசுக்கெல்லாம் ஓய்வு கொடுத்துவிட்டு உங்கள் பெயரைச் சொல்லித்தான் என்னைப் பயமுறுத்துகிறார்.

குளிர்காலம் வந்தால் இங்கே பாதி ஊர் பாலைவனத்துக்குக் குடிபோய்விடும். கண்ணுக்கெட்டிய வரை வெள்ளைக் கூடாரங்கள், ஒன்றுபோலவே இன்னொன்று. அப்பாவின் ஆபீஸ் நண்பர் சரவணகுமார் அங்கிள் அதில் ஒன்றை, "சீப் அண்ட் பெஸ்ட்" என்று வாடகைக்குப் பேசியிருந்தார். போன் 'வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்று சொன்ன இடத்தில் எதிரில் நின்ற கூடாரத்துக்குள் மூன்று குடும்பமும் நுழைந்தது. உள்ளே தரை முழுக்கக் கம்பளம், சாய்ந்துகொள்ளத் திண்டு, தட்டு நிறையப் பேரீச்சம்பழம், பிளாஸ்க்கில் சூடான அரபிக் காப்பி. "சரவணா, நீ மனுஷனே இல்லடா, மகான்!" என்று சாதிக் அங்கிள் அவர் காலைத் தொடக் குனிந்தார். வாசலில் ஒரு பலகையில் அரபியில் ஏதோ எழுதியிருந்தது. வெயில் கண்ணில் அடித்ததால் நான் படிக்கவில்லை அத்தை, சத்தியமாக. தவிர, வாயைத்தான் திறக்கக் கூடாதே.

சரவணகுமார் அங்கிளின் மனைவி கனகா ஆன்ட்டி புளியோதரை டப்பாவைத் திறந்த நேரம், கசங்கிய டிராக்சூட் போட்ட ஒருவர் தோளில் விறகோடு உள்ளே வந்தார். எங்களைப் பார்த்துத் திகைத்தவர், உடனே நெஞ்சில் கை வைத்து வணங்கினார். அப்பா, "வாட்ச்மேன் வந்தாச்சு! பாய், யல்லா, ஃபயர், ஃபயர்" என்றார். ('யல்லா' என்றால் அரபியில் 'சீக்கிரம்'.) அந்த மனிதர் மூச்சுவிடாமல் வெளியே தீ மூட்டினார், எங்கள் ஒவ்வொருவருக்கும் காப்பி ஊற்றினார். "என்னா சர்வீஸ்! பாவம், இந்தக் குளிர்ல தலையில ஒண்ணுமே இல்ல" என்று உருகிய அப்பா, உங்கள் இரண்டாவது குல்லாவை எடுத்துத் தன் கையாலேயே அவர் தலையில் மாட்டி, மூக்கு மட்டும் தெரியும்படி இழுத்துவிட்டார். யாருக்கும் குல்லா போடத் தெரியாதவர் என்று அம்மா திட்டுவாரே, அந்த அப்பா.

அப்புறம் அவர் அப்பாவிடம் அரபியில் பணிவாக ஏதோ கேட்டார். அப்பாவுக்குத் தெரிந்த அரபியில் 'ஆமாம்' மட்டும்தான் தாராளம். "அய்வா, அய்வா" என்று அள்ளி வீசினார்.

எனக்குத்தான் பள்ளிக்கூடத்தில் அரபி உண்டே. அவர் கேட்டது இது: "இடம் போதுமா? இரவு இங்கேயே தங்கி எங்களைப் பெருமைப்படுத்துவீர்களா? நாங்கள் ஜீப்பில் படுத்துக்கொள்கிறோம்." வெளியே எட்டிப் பார்த்தேன். அவர் பிள்ளைகள் போர்வையோடு ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தன. வாயைத் திறந்தால் ஏற்காட்டுக் குளிர் எனக்கு, மூடினால் குவைத் குளிர் அதுகளுக்கு. கடைக்குட்டி தலையணையை மணலில் இழுத்துக்கொண்டே போனதைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அப்பா, இது நம்ம டெண்ட் இல்ல. இவர் வாட்ச்மேன் இல்ல, ஓனர்."

"விளையாடாத சுஷ்மி. ஏப்ரல் ஞாபகம் இருக்கட்டும்."

"பிள்ளைங்க ஜீப்ல படுக்கப் போகுதுப்பா! நீங்கதான அய்வா சொன்னீங்க!"

சரவணகுமார் அங்கிள் வாயிலிருந்த பேரீச்சம்பழத்தை முழுங்குவதா, திருப்பிக் கொடுப்பதா என்று தெரியாமல் அப்படியே நின்றார். நான் எங்கள் எல்லோர் சார்பிலும் அரபியில் மன்னிப்புக் கேட்டேன். அபு ஃபவாஸ் (அதுதான் அவர் பெயர்) சிரித்த சிரிப்பில் உங்கள் குல்லா கண்ணை மறைத்துவிட்டது. விருந்தாளிகள் வந்திருப்பதாகப் பின்னால் சமையல் கூடாரத்திலிருந்து அவர் மனைவி போன் செய்ய, மனிதர் விறகோடு ஓடிவந்திருக்கிறார். "வந்தவரை ஏன் வந்தாய் என்று கேட்பது எங்கள் வழக்கமில்லை" என்றார். போகவும் விடவில்லை. பிள்ளைகளும் பெண்களும் கூடாரத்துக்குள், ஆண்கள் தீயைச் சுற்றி. அவர்கள் இறைச்சிச் சோறு, எங்கள் புளியோதரை. இரண்டையும் கலந்து சாப்பிட்ட ஒரே ஆள் சாதிக் அங்கிள். நாங்கள் வாடகைக்கு எடுத்த கூடாரம் மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் மல்லாந்து கிடந்தது. எங்களுக்கு முன்னாலேயே தூங்கிவிட்டது.

திரும்பும்போது அப்பா, "நீ மட்டும் சொல்லலைன்னா என் மானம் கப்பலேறியிருக்கும்டா" என்றார். பாலைவனத்தில் ஒட்டகம்தானே ஏறும் என்று நான் திருத்தவில்லை. ஏற்காடு ரத்து என்று அவர் வாயாலேயே சொன்னார். தலைக்கு வந்தது குல்லாவோடு போயிற்று அத்தை. முன்பின் தெரியாதவர்களுக்குத் தன் படுக்கையைக் கொடுத்த அந்த மனிதரையும், அவர் தலைக்குக் கம்பளி கொடுத்த உங்களையும் நான் மறக்கவே மாட்டேன்.

மாமாவுக்கு வணக்கம். விடுதிப் பிள்ளைகள் அனைவருக்கும் என் ஆழ்ந்த அனுதாபங்கள். உங்கள் ஆசி எனக்கு என்றும் தேவை, இதே தூரத்திலிருந்து.

பாசமுள்ள,
சுஷ்மிதா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது வாசல் மணி அடித்தது. அபு ஃபவாஸ்! கூடை நிறையப் பேரீச்சம்பழம், தலையில் உங்கள் குல்லா. என்னைப் பெற்றதற்காக அப்பாவைப் பாராட்டோ பாராட்டென்று பாராட்டினார். நாங்கள் கூடாரத்துக்குள் நுழையும் முன்பே நான் அந்தப் பலகையின் எதிரில் நின்று 'அபு ஃபவாஸ் குடும்பம்' என்று ஓர் எழுத்துப் பிசகாமல் உரக்கப் படித்தேனாம், அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேனாம். அது சமையல் கூடாரத்திலிருந்த அவர் மனைவியின் காதில் விழுந்ததாம், எவ்வளவு அழகான உச்சரிப்பு என்று இன்னமும் சொல்லிக்கொண்டே இருக்கிறாராம். அரபியில் சொல்லியிருந்தால் நான் பார்த்து மொழிபெயர்த்திருப்பேன். அன்று அப்பா 'யல்லா' போட்டு ஆரம்பித்ததால்தான் அரபியிலேயே பேசினாராம். மனிதர் அருமையாக ஆங்கிலம் பேசுகிறார் அத்தை. அப்பா இப்போது உங்கள் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறார். அந்தக் கட்டிலை அதற்குள் யாருக்கும் கொடுத்துவிடவில்லையே? ஜன்னலோரம்தானே? குல்லா நீங்களே தருவீர்களா, இல்லை, அப்பாவுடையதைப் பிடுங்கிக்கொண்டு வரட்டுமா?