வெள்ளிக்கிழமை ராகு காலமும் எங்கள் சர்வரும்

திருப்பூர்,
ஞாயிறு காலை.

அன்புக் கண்ணு கவிப்பிரியாவுக்கு உன் மாமன் ஆத்தப்பன் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை தெய்வாத்தாளும் சௌக்கியம். எங்கள் தொழிலாளர் அலுவலக சர்வர் ஒன்றுதான் சௌக்கியமில்லை. அங்கே காங்கயத்தில் நீயும் என் அக்காவும் மச்சானும் நிச்சயதார்த்த வேலைகளுக்கு நடுவே வேளைக்குச் சாப்பிட்டு நலமாயிருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை மாமன் வருவேனா மாட்டேனா என்று நீ போனில் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உனக்கு இருப்பது ஒரே தாய்மாமன். நான் கொண்டுவரும் சேலையைக் கட்டிக்கொண்டுதான் நீ சபைக்கு வர வேண்டும். ராகு காலம் முடிந்த கையோடு பன்னிரண்டு மணிக்குத் தட்டு மாற்றுவதாகப் பேச்சு. ஆனால் பனியன் கம்பெனித் தொழிலாளர்களைப் பற்றிய வாராந்திர அறிக்கையை நான் சென்னைக்கு அனுப்புவதும் அதே வெள்ளிக்கிழமைதான். வேலம்பாளையத்திலிருந்து நெருப்பெரிச்சல் வரை எந்தக் கம்பெனியில் எத்தனை பேர், எந்த ஊர்க்காரர், எந்த ஷிப்ட், எங்கே தங்கியிருக்கிறார் என்று வருடக்கணக்காகச் சேர்ந்த விவரமெல்லாம் அந்த சர்வரில் கிடக்கிறது, மாநிலம் முழுவதற்கும் அது ஒன்றுதான், அறிக்கைக்காகப் பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரு வட்டம் சுற்றும், மத்தியானம் சுற்ற ஆரம்பித்தால் பொழுது சாய்கிற வரைக்கும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அந்த வட்டத்தை நிறுத்த நாங்கள் பட்ட பாட்டைக் கேள். கம்ப்யூட்டர் பழசு என்று எங்கள் கண்காணிப்பாளர் இளங்குமரன் சார் புதிது வரவழைத்தார். வட்டம் முன்னைவிடப் பளிச்சென்று சுற்றியது. இன்டர்நெட் ஒயரை மாற்ற வந்தவர்கள் ஃபேன் ஒயரை அறுத்துவிட்டுப் போனார்கள். ஆயுத பூஜைக்கு நானே பயபக்தியாக வைத்த சந்தனம் கீபோர்டுக்குள் இறங்கி இரண்டு பட்டன் எழுந்திருக்கவே இல்லை. அதன் பிறகுதான், கம்ப்யூட்டர் படித்தவள் ஆயிற்றே என்று உன்னைக் கேட்டேன். தேடுகிற விவரத்துக்கு இன்டெக்ஸ் போட்டால் முழுக் குவியலையும் கிளற வேண்டியதில்லை, அறிக்கைக்கென்று ஒரு தனி நகல் வைத்தால் பதிவு வேலையும் அறிக்கை வேலையும் முட்டிக்கொள்ளாது என்றாய். அப்படியே தலைமையகத்துக்கு எழுதினேன். இன்டெக்ஸ் போட்டார்கள். அதுவரை சாயங்காலம் வந்துகொண்டிருந்த அறிக்கை மூன்று மணிக்கு வந்தது. தனி நகலுக்கு அடுத்த வருடம்தான் ஒப்புதலாம்.

அப்போது நீ ஒரு கேள்வி கேட்டாய், நினைவிருக்கிறதா?

"ஏனுங்க மாமா, எல்லாரும் எத்தன மணிக்குங்க பட்டன அழுத்தறீங்க?"

"அதென்ன கேள்வி கண்ணு, ராகு காலம் முடிஞ்சு பன்னெண்டு மணிக்குத்தான்" என்றேன். "மத்த ஜில்லாக்காரங்களுமாங்க?" என்று கேட்டாய். எனக்குச் சுருக்கென்றது. மற்ற மாவட்டங்களில் விசாரித்தால் அங்கேயும் அதே கதைதான். கம்பெனிகளின் விவரம் வந்து சேரப் பத்தரை ஆகிவிடும், அதற்கு மேல் ராகு காலம், மாநிலமே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்து பன்னிரண்டு அடித்ததும் ஒரேயடியாக அழுத்தினால் அந்த ஒற்றை சர்வர் பாவம் என்ன செய்யும்? கல்யாண மண்டபத்தில் அத்தனை பேரும் முதல் பந்திக்கே விழுந்தடித்த மாதிரி ஆகிவிட்டது. அதைப் போய் இத்தனை நாளாகத் திட்டிக்கொண்டிருந்தோமே என்று வருத்தமாகக்கூட இருந்தது.

போன வெள்ளிக்கிழமை முருகனைக் கும்பிட்டுக்கொண்டு ராகு காலத்திலேயே அழுத்தினேன். டீ ஆறுவதற்குள் அறிக்கை வந்துவிட்டது. இளங்குமரன் சார் நம்பாமல் இன்னொரு தரம் அழுத்தச் சொன்னார். திரும்பவும் வந்தது. ஆகவே வருகிற வெள்ளிக்கிழமையும் அப்படியே அனுப்பிவிட்டு நேராகக் காரில் ஏறிவிடுவேன். நல்ல காரியத்துக்கு ராகு காலத்தில் கிளம்புவதா என்று உன் அத்தைதான் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். சேலையையும் என் பையையும் பத்து மணிக்கே எதிர் டீக்கடையில் பரஸ்தானமாக வைத்துவிட்டால் அப்போதே கிளம்பியதாகத்தானே ஆகும்? நீ கவலைப்படாதே சாமி. தட்டு மாற்றுவதற்கு முன்னால் மாமன் அங்கே இருப்பேன்.

அக்காவுக்கும் மச்சானுக்கும் என் வணக்கம். மாப்பிள்ளை ராஜவேலுக்கு என் அன்பு. நீ மனம் நிறைந்து வாழ வேண்டும் கண்ணு.

இப்படிக்கு,
உன் தாய்மாமன் ஆத்தப்பன்

பின்குறிப்பு (செவ்வாய்): மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. நேற்று காணொளிக் கூட்டத்தில் சென்னை அதிகாரி, உங்கள் அறிக்கை மட்டும் எப்படி அத்தனை சீக்கிரம் வந்தது என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். இன்று காலை சுற்றறிக்கை வந்துவிட்டது. இனி எல்லா மாவட்டங்களும் வெள்ளிக்கிழமை பத்தரைக்கே அறிக்கை எடுக்க வேண்டுமாம். மறுபடியும் அதே முதல் பந்திக் கூட்டம்தான். என்னைப் பாராட்டியும் ஒரு வரி இருக்கிறது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து இளங்குமரன் சார், "தாய்மாமன் இல்லாம ஒரு நிச்சயமுங்களா? நீங்க போங்க, நான் பாத்துக்கறனுங்க" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் சர்வரைத் திறக்கிற ஓ.டி.பி. என் போனுக்குத்தான் வரும். அதனால் போனை அவரிடம் கொடுத்துவிட்டு, அத்தையோடு வியாழக்கிழமை சாயங்காலமே பஸ் ஏறுகிறேன். வெள்ளிக்கிழமை மாமனைக் காணோம் என்று யாரும் போன் பண்ண வேண்டாம். அவர்தான் எடுப்பார், வட்டம் இன்னும் சுற்றுகிறது என்பார். நான் சேலைத் தட்டோடு உன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன்.