நர்ஸ் மரகதம் நமக்குச் சொந்தமில்லை

ஆரல்வாய்மொழி,
புதன்கிழமை.

பெருமதிப்பிற்குரிய ஞானசிகாமணி அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் செல்வதாஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய இரக்கத்தால் நானும் நேசபாயும் மகள் ரெஜிலாவும் சுகமாக இருக்கிறோம். கோட்டாற்றில் நீங்களும் அக்காவும் உங்கள் கடையும் அவ்வண்ணமே இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நம் வீட்டில் யாரையும் எதுவும் கடிக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அக்கா கொடுத்துவிட்ட ஆரஞ்சுப் பழங்கள் கிடைத்தன. நல்ல இனிப்பு.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். மூன்று தடவை கூப்பிட்டேன் அத்தான், மூன்று தடவையும் நீங்கள்தான் பேசினீர்கள். கடிதம் என்றால் நீங்கள் நடுவில் புகுந்து பேச முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

ரெஜிலாவுக்கு நீங்கள் பார்த்துக் கொண்டுவந்த சம்பந்தம் நல்ல சம்பந்தம். பெனிஷ் தங்கமான பையன். பிள்ளைகள் இரண்டு பேரும் பேசிப் பழகிப் பிடித்துப்போய், நிச்சயத்துக்குத் தேதி குறிப்பது ஒன்றுதான் பாக்கி. இந்த நேரம் பார்த்து நீங்கள் திங்கட்கிழமை போனில், "பையனுக்க அம்மை நேசம்மாள் ஒரு காரியம் கேக்கணுமாம், அதுக்குப் பொறவுதான் தேதியாம். என்னடே பண்ணி வச்சிருக்க?" என்று சத்தம் போட்டீர்கள். அன்றிலிருந்து ரெஜிலா தட்டில் சோற்றை அளைந்துவிட்டு எழுந்து போகிறாள். என்ன காரியம் என்று பெனிஷுக்கும் தெரியவில்லையாம். அந்த அம்மாள் அவர்கள் சபையில் ஜெபக்குழுத் தலைவி. அவர்கள் கேட்கப்போவது என்ன என்று எனக்குத் தெரியாதா? போன ஞாயிற்றுக்கிழமை நம் சபையில் நடந்ததைத்தான் கேட்பார்கள். ஆகவே நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். நீங்கள் நேரில் போய்ப் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் ஏழு மணிக்கு டிவியில் 'கடைசித் தெரு' என்று ஒரு தொடர் வருகிறது. செத்தவர்கள் எழுந்து நடந்து உயிரோடு இருப்பவர்களைக் கடிப்பார்கள், கடிபட்டவர்களும் ஒரு மணி நேரத்தில் அப்படியே ஆகிவிடுவார்கள், அதுதான் கதை. நான் பார்ப்பதில்லை. முப்பத்தோரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு இதெல்லாம் என்ன கிரகம்? அந்த நேரத்தில் அதே அறையில் உட்கார்ந்து பேப்பர் வாசிப்பேன், அவ்வளவுதான். பேப்பருக்கு மேலாக ஏதாவது கண்ணில் பட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

போன வெள்ளிக்கிழமை பட்டது அத்தான். என்ன ஒரு எபிசோட்! அந்தத் தெருவில் மிச்சம் இருப்பது ஒரு பள்ளிக்கூடம், அதற்குள்ளே பதினொரு பிள்ளைகள், அவர்களைக் காப்பாற்றி வைத்திருப்பது மரகதம் என்ற நர்ஸ். ஒல்லியாக, நம்ம ஊர் நர்ஸுப் பிள்ளைகள் மாதிரியே இருக்கும், அதட்டும்போதுகூடச் சிரித்த முகம். கடைசிப் பிள்ளையைக் கதவுக்குள் இழுத்துப் போடும்போது ஒருத்தன் அவள் மணிக்கட்டில் கடித்துவிட்டான். கடித்ததைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் மறைத்து, சேலையைக் கிழித்துக் கையில் கட்டிக்கொண்டு, எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்து, மூத்த பிள்ளையிடம் உள்தாழ்ப்பாளைக் காட்டிக்கொடுத்துவிட்டு, அவள் மட்டும் வராந்தாவுக்குப் போய் ஜன்னல் கம்பியோடு தன்னைத் தானே சேர்த்துக் கட்டிக்கொண்டாள் அத்தான்! உள்ளே இருக்கிற பிள்ளைகள் பயப்படக் கூடாது என்று, "நான் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லுகேன், நீங்களும் சொல்லுங்க. என் சத்தம் நின்னாலும் கதவை மட்டும் திறக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தாள். ஐந்து வரைக்கும் கணீரென்று சொன்னாள். ஆறில் குரல் கம்மியது. எட்டில் கண் வெளுத்துப்போயிற்று. "எட்டுப் பதினாறு நூத்தி இருபத்தெட்டு… ஒம்பது பதினாறு… ஒம்பது பதினாறு…"

கரண்ட் போய்விட்டது.

இது காற்றுக்காலம் என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் கரண்ட் எடுக்கிற காற்றாடி சுற்றுகிறது, நம் வீட்டு டிவி மட்டும் கறுத்துக் கிடக்கிறது. எங்களோடு பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டு நாராயணபெருமாள், தேங்காய் வியாபாரம் செய்கிறவர், அந்த டிவியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டி, "நூத்தி நாப்பத்தி நாலு! நூத்தி நாப்பத்தி நாலுட்டி, சொல்லித் தொலையேன்!" என்று கத்தினார். நான் பதறித் தெருவுக்கு ஓடினேன், அதாவது கரண்ட் நமக்கு மட்டும் போயிற்றா என்று பார்க்க. தெருவே வெளியில் நிற்கிறது! ஒவ்வொரு வீட்டு நடையிலும் ஆள், ஒவ்வொரு வாயிலும் நூற்று நாற்பத்து நாலு. முப்பத்தோரு வருடத்தில் நான் எத்தனை பிரம்பு ஒடித்தும் இந்த ஊர் ஒன்பது பதினாறை இத்தனை ஒற்றுமையாகச் சொன்னதில்லை. என்னிடம் அந்த வாய்ப்பாட்டுக்காக மட்டும் இரண்டு வருடம் அடிவாங்கியவன் ஒருத்தன், இப்போது பேரன் எடுத்துவிட்டான், என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாரே, எனக்குத் தெரியுது சாரே, அவளுக்குத் தெரியலியே!" என்று அழுதான்.

கதை அங்கேதான் முடிந்ததா, இல்லை கரண்ட் போனதால் நமக்குத்தான் மிச்சம் போயிற்றா என்று தெரியாமல் எல்லோரும் தவித்துக்கொண்டிருந்தபோது ரெஜிலா போனோடு வந்து, "அதோடதான் முடிஞ்சுதாம் அப்பா. மிச்சம் அடுத்த வெள்ளியாம். பெனிஷ் சொன்னாவ" என்றாள். பையனும் பார்க்கிறான் போலிருக்கிறது. சின்ன வயசு, போகட்டும். நேசபாய் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "பதினோரு பிள்ளையளு. இனி அதுகளுக்கு யாரு இருக்கா?" என்றாள். அன்று நம் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. எனக்கும் பசியில்லை, அது வெயிலால்.

இனி ஞாயிற்றுக்கிழமை. நம் சபையில் ஆராதனைக்கு முன்னால் ஜெப விண்ணப்பப் பெட்டியில் சீட்டு எழுதிப் போடுவோம், போதகர் சுகவீனர்களின் பெயரை வாசித்து ஜெபிப்பார் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அன்று நான்காவதாக ஒரு சீட்டை எடுத்தார். கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, "செல்வதாஸ் சார் குடும்பத்தார் விண்ணப்பம். மரகதம், நர்ஸ். கையில் கடிபட்டு மிகவும் ஆபத்தான நிலையில் இருக்கிறார். பதினொரு பிள்ளைகள்" என்று வாசித்தார்.

பதினொரு பிள்ளைகள் என்றதும் சபை முழுவதும் ஒரு மூச்சு எழுந்து அடங்கியது அத்தான். எல்லாத் தலையும் நம் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "சபையார் முழங்காலில் நிற்போம்" என்றார். நின்றார்கள். முட்டி வலிக்காரர்கள்கூட நின்றார்கள்.

எழுதிப் போட்டது நேசபாய். இதை நேசம்மாள் அம்மாளிடம் நீங்கள் அழுத்திச் சொல்ல வேண்டும். பெண்பிள்ளை, இளகிய மனசு, டிவிக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் பார்க்கத் தெரியாமல் செய்துவிட்டாள். எனக்கு இதில் சம்பந்தமில்லை.

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் நம் சபைப் பெண்கள் ஐக்கியத்தார் ஹார்லிக்ஸ், ரொட்டி, பழத்தோடு வந்து இறங்கினார்கள். "நோயாளி எந்த ரூம்ல?" "கடிச்சது வெறிநாயா?" "பதினொண்ணும் ஒரே தாய் மக்களா?" ஆளுக்கொரு கேள்வி. பதில் சொல்ல வாய் திறக்கும்போது, நாராயணபெருமாள் பூதப்பாண்டிப் பக்கத்திலிருந்து ஒரு விஷக்கடி வைத்தியரை ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்த்திக் கொண்டுவந்துவிட்டார். இவருக்கு எல்லாம் தெரியும் அத்தான், நம் வீட்டில் உட்கார்ந்து பார்த்த மனுஷன்! "சீரியல்தான் சாரே, ஆனா மருந்து உண்டான்னு ஒரு வார்த்தை கேட்டு வைப்போமேன்னு" என்கிறார். வைத்தியர் பையைக் கீழே வைத்துவிட்டு, "நானும் பாத்தேன். கடிபட்ட உடனே முழங்கைக்கு மேல இறுக்கிக் கெட்டியிருக்கணும். நர்ஸுல்லா அவ, தெரியாண்டாமா?" என்றார். நேசபாய்க்கு வந்ததே கோபம். "கெட்டுனா! சேலயக் கிழிச்சுக் கெட்டுனா! நீரு ஒழுங்காப் பாக்கலன்னு சொல்லும்!" இரண்டு பேரும் முற்றத்தில் நின்று முழங்கைக்கு மேலா கீழா என்று சண்டை போட்டதில், ஐக்கியத்துப் பெண்களுக்கு உண்மை விளங்கிவிட்டது. பாதிப் பேர் ஹார்லிக்ஸைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மீதிப் பேர் உட்கார்ந்து, கண் வெளுத்தது எட்டுப் பதினாறிலா ஏழு பதினாறிலேயா என்று பேச ஆரம்பித்தார்கள்.

சாயங்காலம் போதகரே வந்தார். "செல்வதாஸ் சார், சீரியல்காரிக்காக என்னை முழங்கால்ல நிறுத்திட்டியளே! ஜெபம் வெளையாட்டா?" என்று வருத்தமாகக் கேட்டார். நான் நேசபாயைப் பார்த்தேன். அவள் எல்லோரிடமும் வாங்கிய ஏச்சைப்போல இதையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். போதகர் கேட் வரைக்கும் போய், கொக்கியில் கை வைத்தபடி திரும்பிப் பார்த்து, "அந்தப் பிள்ளையளு கதவத் திறந்துருமோ சார்?" என்று மெதுவாகக் கேட்டார். தெரியவில்லை என்றேன்.

நடந்தது இவ்வளவுதான். நேசம்மாள் அம்மாளின் கொழுந்தி நம் சபையில்தான் இருக்கிறாள், அன்றைக்கே சேதி போயிருக்கும். ஜெபத்தைக் கேலி செய்கிற குடும்பம் என்று அந்த அம்மாள் நினைத்துவிட்டால் என் பிள்ளையின் காரியம் என்ன ஆகும்? ரெஜிலா அந்தப் பையன்மேல் மனசு வைத்துவிட்டாள் அத்தான். ஆகவே நாங்கள் புத்தி சுவாதீனம் உள்ள, தேவபயம் உள்ள, டிவியை டிவியாகப் பார்க்கிற குடும்பம் என்றும், குடும்பத்தலைவன் அதைக்கூடப் பார்ப்பதில்லை என்றும், நர்ஸ் மரகதம் நமக்கு எந்த வகையிலும் சொந்தமில்லை என்றும் நீங்கள் எடுத்துச் சொல்லித் தேதி வாங்கித் தர வேண்டும்.

அக்காவுக்கு எங்கள் மூன்று பேரின் அன்பு. ஆண்டவர் உங்கள் முழங்காலுக்குப் பெலனும், உங்கள் கடைக்கு நல்ல ஆட்களும், நீங்கள் பேசப்போகிற இடத்தில் உங்கள் வாய்க்குச் சுருக்கமும் தந்து காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
ம. செல்வதாஸ் (ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர்)

பி.கு.: கவரில் பசை தடவிக்கொண்டிருந்தபோது ரெஜிலா ஓடிவந்து போனை என் காதில் வைத்தாள். நேசம்மாள் அம்மாள்! நான் எழுந்து நின்றுவிட்டேன். "ஒரே ஒரு காரியம் கேக்கணும் சாரே. அந்தச் சீட்டு எழுதுனது யாரு?" என்றார்கள். "சீட்டு எழுதுனதா?" என்று நான் திருப்பிக் கேட்டேன். முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்த நேசபாய் தலையைத் தூக்காமல், "எனக்க பேரயே சொல்லுங்க. நாலு நாளா நான்தானே எழுதுனவ" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பது வருடமாக என்னைப் பார்க்கிறவள். ஞாயிற்றுக்கிழமையே அவளுக்குத் தெரியும்.

நான் சொல்வதற்குள் அந்த அம்மாளே தொடர்ந்தார்கள்: "நானும் எங்க சபையில எழுதிப் போட்டேன் சாரே. எங்க போதகர் வாசிக்காம மடிச்சுப் பைக்குள்ள வச்சுட்டாரு. ஆரல்வாய்மொழியில ஒரு சபையே முழங்கால்ல நின்னுதுன்னு கேட்டப்போ எனக்கு அழுகையே வந்துட்டு. எழுதுனது பொண்ணுக்க அம்மைன்னு சொன்னாவ. அந்த மனசு உள்ள வீட்டுல பொண்ணு எடுத்தா எனக்கு அது மதி, வேற ஒண்ணும் வேண்டாம். யாருன்னு உங்க வாயால கேட்டுட்டு, அவியட்ட ஒரு வார்த்தை பேசணும்."

நான்தான் அம்மா எழுதினேன் என்றேன். பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மூன்று மாதமாக ஒரு வெள்ளி விடாமல் பார்க்கிறேன் என்றேன். எத்தனையோ பிள்ளைகள் பதினாறாம் வாய்ப்பாட்டில் அந்த ஒன்பதில்தான் வந்து நிற்கும், அப்படி நின்ற ஒரு பிள்ளையையும் நான் விட்டுவிட்டுப் போனதில்லை, இந்தப் பிள்ளையை மட்டும் எப்படி விடுவது என்று கேட்டேன்.  அந்தப் பக்கம் மூக்குச் சிந்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "அப்போ சொல்லுங்க சம்பந்தி, ஒம்பது பதினாறு எவ்வளவு?" என்றார்கள். நான் சொன்னேன். நேசபாயும் ரெஜிலாவும் கூடச் சொன்னார்கள். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாராயணபெருமாளும் சொன்னார்.

ஆகவே மேலே எழுதியதில் ஒரு வரியைக்கூட நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம். தேதி குறிக்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அவர்கள் குடும்பத்தோடு இங்கே வருகிறார்கள், போதகரும் வருகிறாராம். நீங்களும் அக்காவும் ஐந்துக்கே வந்துவிடுங்கள். பேச வேண்டியதையெல்லாம் ஏழுக்குள் பேசி முடித்துவிட வேண்டும். ஏழு மணிக்கு மேல் என் வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது, நீங்களும்தான் அத்தான்.