படிந்த விலைக்கு ஒரு தீவு

இந்த வருடம் தீவுக்குப் போயே தீருவது என்று, தொழிற்சாலையே 'கறார்' என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடும் மனிதர் அறிவித்தபோது அவர் வாய் நிறையச் சோறு இருந்தது. அதனால் முதல் தடவை யாருக்கும் புரியவில்லை. விழுங்கிவிட்டு மறுபடியும் சொன்னார். தொழிற்சாலை கேன்டீனே திரும்பிப் பார்த்தது.

எல்லாம் ஸ்டோர்கீப்பரால் வந்தது. அவர் மனைவியோடு தீவுக்குப் போய்த் திரும்பி, ஒரு வாரமாகப் போனில் படம் காட்டிக்கொண்டிருந்தார். கடலோடு அவர், தென்னை மரத்தோடு அவர், இளநீரோடு அவர். மொத்தச் செலவு எவ்வளவு என்று கேட்ட கறாருக்குப் புரை ஏறிவிட்டது.

"யோவ், அந்தக் காசுக்குத் தீவையே விலைக்குக் கேட்டுப் பார்த்திருக்கலாமே! அதுல பாதிகூட வேண்டாம், நான் போயிட்டு வந்து காட்டறேன்."

"தனியா போய்ப் படகுத்துறையில படுத்துட்டு வந்து தீவுன்னு சொல்லக் கூடாது சார். வீட்டுக்காரம்மாவும் வரணும். சிரிச்ச முகமா போட்டோ வேணும்."

"முடியலன்னா என் பேர மாத்திக்கறேன்."

"உங்க நிஜப் பேரே எங்களுக்குத் தெரியாதே சார். தோத்தீங்கன்னா அடுத்த தடவ கைப்பிடி விலைய நான் பேசறேன். நீங்க பக்கத்துல வாய மூடிட்டு உட்காரணும்."

அது சாதாரணப் பந்தயம் இல்லை. பிளாஸ்டிக் வாளி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் கறார்தான் கொள்முதல் அதிகாரி. வாளிக்குக் கைப்பிடி செய்து தருகிறவர்கள் அவர் அறைக்குள் நிமிர்ந்து போவார்கள். வெளியே வரும்போது அவர்களுக்கே யாராவது கைப்பிடி போட்டுத் தூக்கிவர வேண்டியிருக்கும். இன்னொருவர் விலை பேச, தான் வாயை மூடிக்கொண்டு உட்காருவது என்றால் கறாருக்கு அதைவிட அந்த வாளிகளிலேயே ஒன்றில் முகத்தைக் கவிழ்த்துக்கொள்வது மேல்.

பேரத்தில் அவர் வழி தனி வழி. பொருள் பிடித்திருப்பதை முகத்தில் காட்டக் கூடாது. பார்த்ததும் ஒரு குறை சொல்ல வேண்டும். விலை படியாவிட்டால் எழுந்து நடந்துவிட வேண்டும். வாசலைத் தாண்டுவதற்குள் "சார், சார், வாங்க சார்" என்று குரல் வந்தே தீரும். முடி வெட்டுகிறவரிடமே, இருக்கிற முடிக்கு மட்டும்தான் கூலி என்று சாதித்தவர் அவர்.

கல்யாணமான புதிதில் அவர் மனைவி ஒரு சோபாவைப் பார்த்து, "ஐயோ, என்ன அழகா இருக்கு!" என்று கடைக்காரர் காதுபடச் சொல்லிவிட்டாள். கண்ணெதிரே விலை ஏறியது. அன்று வீடு வரும்வரை கறார் பாடம் நடத்தினார். அதற்குப் பிறகும் கடைக்குப் போகும்போதெல்லாம் நடத்தினார். அவளும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள். பொறுமைக்குச் சம்பளம் வாங்குகிறவள் அவள். பல் மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில், முன் மேசையில் வேலை. உள்ளே ஒருவர் அலறும்போது வெளியே காத்திருப்பவரைப் பார்த்துச் சிரித்த முகமாக, "வலிக்கவே வலிக்காதுங்க" என்று சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு எப்பேர்ப்பட்ட முகம் வேண்டும் என்று கறார் ஒரு நாளும் யோசித்ததில்லை.

அன்று சாயங்காலமே திட்டத்தை விரித்தார். மழைக்காலத்தில் போனால் எல்லாம் மலிவு. படகில் மேல்தளத்தில் இடம். கரையில் கூடாரம். கையோடு ஒரு குக்கர், அரிசி, பருப்பு. சொல்லி முடித்துவிட்டு அவள் துள்ளிக் குதிப்பதற்காகக் காத்திருந்தார்.

"தீவா?" என்றாள் அவள். துணி மடித்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. "எதுக்குங்க?"

"எதுக்கா? ஊர் உலகமே போகுது!"

"போகட்டும். சுத்தியும் தண்ணி, நடுவுல நாம. போன வாரம் குளியலறையில குழாய் உடைஞ்சப்போ அப்படித்தானே நின்னோம்?"

"கூடாரத்துல படுத்தா காத்து பிச்சுக்கிட்டு வரும்மா!"

"மழைக்காலம்னு வேற சொல்றீங்க. காத்து வரும், கூடாரம் போகும்." மடித்த துணிகளை அள்ளிக்கொண்டு எழுந்தாள். "நீங்க போயிட்டு வாங்க. நான் அக்கா வீட்டுல இருந்துக்கறேன்."

கறாரின் கண் முன்னால் ஸ்டோர்கீப்பர் உட்கார்ந்து கைப்பிடிக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்.

"இரு, இரு! உட்காரு! கூடாரம் வேண்டாம். ரூம் எடுத்துக்கலாம்!"

அவள் உட்கார்ந்தாள். எழுந்து போகிறவரைத் திரும்பக் கூப்பிடும் பழக்கமே கறாருக்குக் கிடையாது. அவரைத்தான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அந்த வித்தியாசம் அவர் மண்டையில் ஏறவில்லை.

"ரூம்னா?"

"நாலு சுவர், ஒரு கட்டில்."

"அது இங்கயே இருக்கே."

"அங்க ஜன்னலைத் திறந்தா கடல்!" வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"கடலா..." ஒரு கொட்டாவி விட்டாள். "மழையில கடல் எங்கே தெரியப்போகுது? எல்லாம் ஒரே சாம்பலா இருக்கும்."

"மழை விட்டதும் போவோம்!"

மறுநாள் காலை, காபி கொடுத்துக்கொண்டே கேட்டாள். "அந்தக் குக்கரை யாருங்க தூக்கிட்டு வரணும்?"

"நான்தான். நீ சும்மா கையை வீசிட்டு வா."

"சமைக்கறது?"

கறார் காபியைக் குடிப்பதில் மும்முரமானார்.

"அங்க போயும் அடுப்படியிலதான் நிக்கணும்னா இங்கயே நிக்கறேங்க. இந்த அடுப்பு எனக்குப் பழக்கம்." எழுந்தாள்.

"இரும்மா! சாப்பாடு அவங்களே போடுவாங்க!"

"படகுல எனக்குத் தலை சுத்துமே."

"பிளேன்! பிளேன்ல போவோம்!"

அவள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். கறார் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் இன்னும் இறங்கி வரவில்லை, செலவு மட்டும் ஏறிவிட்டது. கடல் தெரிகிற அறை, சாப்பாடு, விமானம். இப்படியே போனால் ஸ்டோர்கீப்பரே சிக்கனக்காரர் ஆகிவிடுவார். இரண்டு ஹோட்டல்களுக்குப் போன் செய்தார். விலையைக் கேட்டு அவரே கும்பிடு போட்டு வைத்துவிட்டார்.

அன்று ராத்திரி சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தபோது அவள்தான் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். "எங்க கிளினிக்குக்குக் கடைவாய்ப் பல் எடுக்க வந்தவர் ஒருத்தர் சொன்னார். அந்தத் தீவுல ஒரு அம்மா தன் வீட்டு மாடியை வாடகைக்கு விடறாங்களாம். ஜன்னலுக்கு நேரா கடலாம். வீட்டுச் சாப்பாடாம். எனக்கென்ன, காதுல விழுந்தது, சொன்னேன்."

"நம்பர் இருக்கா?"

"எங்கயோ இருக்கும்." பல்லால் நூலைக் கடித்தாள். கடித்து முடிப்பதற்குள் நம்பரும் கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கறார் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கலாம். வீட்டுக்கார அம்மாள் ஒரு விலை சொன்னாள். கறார் சிரித்தார்.

"மாடின்னா படி ஏறணும். எங்களுக்கு முட்டி தேயும். அதுக்கு என்ன குறைப்பீங்க?"

"சார், ஜன்னலைத் திறந்தா கடல் சார்!"

"அந்தக் கடலை நீங்களா வெட்டினீங்க? அது சும்மா கிடக்கு. கூட்டம் ஆரம்பிக்கறதுக்கு முந்தின வாரம், அதுவும் வார நடுவுல வரோம். நாங்க வரலன்னா உங்க மாடியில பல்லிதான் குடியிருக்கும். சரி, வெச்சுடறேன்."

"சார், சார்! இருங்க சார்!"

விலை இறங்கியது. மறுபடி போனை வைக்கப் போனார். மறுபடி இறங்கியது. "என்னைத் தெருவுல நிறுத்தாம விட மாட்டீங்க போலிருக்கே சார்" என்று அந்த அம்மாள் புலம்பியபோதுதான் கறாருக்கு இரக்கம் வந்தது. படிந்தது. விமானத்துக்கும் கூட்டமே இல்லாத நாளாகப் பார்த்துப் பிடித்தார். தீவில் டாக்ஸி கிடையாது, ஊர்க்காரர்கள் போகிற பஸ்தான் என்றும் முடிவு செய்தார். கூட்டிப் பார்த்தால் ஸ்டோர்கீப்பர் செலவில் பாதிகூட இல்லை!

இனி அவள் தலையசைப்பு ஒன்றுதான் பாக்கி. அதற்கு இரண்டு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் பெரிய மனது பண்ணினாள்.

"சரி. இவ்வளவு தூரம் கெஞ்சறீங்க. உங்களுக்காக வரேன்."

கறார் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு குதி குதித்தார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் யாருக்குக் கிடைக்கும்? மனைவியையும் மடக்கியாகிவிட்டது, மாடிக்காரியையும் மடக்கியாகிவிட்டது.

தீவு சொன்னது சொன்னபடி இருந்தது. ஜன்னலைத் திறந்தால் நிஜமாகவே கடல். வீட்டுக்கார அம்மாள் மீன் வறுத்துப் போட்டாள், பழம் நறுக்கி வைத்தாள், இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று தட்டை நிரப்பினாள். இவ்வளவு குறைத்தும் இந்தக் கவனிப்பா என்று கறாருக்கே கூச்சமாகப் போய்விட்டது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தீவை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். ஆளில்லாத கரை ஒன்றில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். அலை வந்து மோதியதும் அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். இப்படி அவள் சிரித்து எத்தனை காலமாயிற்று! பந்தயம், கைப்பிடி, ஸ்டோர்கீப்பர் எல்லாமே ஒரு நிமிடம் கறாருக்கு மறந்துவிட்டது. சந்தோஷமாக இருந்தது. முன்னமே அழைத்து வந்திருக்கலாம் என்று உறுத்தலாகவும் இருந்தது.

பிறகு ஞாபகம் வந்து படம் எடுத்து அனுப்பினார். அறைக்குத் திரும்புவதற்குள் ஸ்டோர்கீப்பரிடமிருந்து பதில் வந்துவிட்டது. "தோத்துட்டேன் சார். உங்க கால் எங்க இருக்குன்னு சொல்லுங்க, விழறேன்."

கறார் அதை இரண்டு தடவை படித்தார். மனைவியிடம் காட்டலாம் என்று பார்த்தால் அவள் அறையில் இல்லை. தண்ணீர் குடிக்கக் கீழே போயிருப்பாள். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சீட்டியடித்தபடி பாதிப் படி இறங்கியவரைச் சமையலறையிலிருந்து வந்த பேச்சு அப்படியே நிறுத்தியது.

"அப்போ அடுத்த வருஷத்துக்கும் இதே மாடியை உங்களுக்கு எடுத்து வெச்சிடறேன்க்கா," என்றாள் வீட்டுக்கார அம்மாள். "விலையும் நாம முன்னாடியே பேசி வெச்சதுதான். சார் போன் பண்ணினா இந்தத் தடவை ஏத்திச் சொன்ன அளவுக்கே ஏத்திச் சொல்லட்டுமா?"

"இன்னும் கொஞ்சம் ஏத்தியே சொல்லுங்க," என்றாள் அவர் மனைவி. "இறக்கறதுல அவருக்கு ஒரு சந்தோஷம்."